எதிரே வருகிறவரின் கண்

மோட்டார் வண்டிக்கு விளக்கு வேண்டும் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. எத்தனை விளக்கு, எந்த இடத்தில், எந்த நிறத்தில் என்று கேட்கும்போதுதான் தகராறு ஆரம்பமாகிறது.

ஒரு வீட்டில் புதிதாக வண்டி வாங்கினால் முதல் வாரம் பூஜையிலும் எலுமிச்சம் பழத்திலும் கழிந்துவிடுகிறது. இரண்டாவது வாரத்தில் உறவினர் ஒருவர் வருகிறார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். "எல்லாம் சரிதான், ஆனால் இந்த லைட் போதாது. ராத்திரியில் ஊருக்குப் போனால் கஷ்டப்படுவீர்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபியை முடித்துக்கொண்டு போய்விடுகிறார். மறு நாள் வண்டி மோட்டார் சாமான் விற்கும் கடைத்தெருவில் நிற்கிறது. அங்கே நூறு வாட் பல்பு இருக்கிறது, எல்.இ.டி. பட்டை இருக்கிறது, பம்பருக்குக் கீழே பொருத்தப் 'பாக் லைட்' இருக்கிறது, நீலமும் ஊதாவுமாக மின்னும் அலங்காரச் சரங்களும் இருக்கின்றன. விலை என்ன, எவ்வளவு தூரம் அடிக்கும், எத்தனை நாள் உழைக்கும் என்று எல்லாக் கேள்வியும் அங்கே கேட்கப்படுகின்றன. இதைப் போட்டுக்கொள்ளச் சட்டம் சம்மதிக்கிறதா என்ற ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படுவதில்லை. இந்த வாரம் அந்தக் கேள்வியை நாம் எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளைப் பற்றிய முதல் அகில இந்தியச் சட்டம் 1914-ஆம் வருஷத்தில் பிறந்தது. பிறகு 1939-ஆம் வருஷச் சட்டம் வந்தது. இப்போது அமுலில் இருப்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். அதன் கீழ் வகுக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ஆம் வருஷத்தவை. விளக்கு சம்பந்தமான சங்கதிகளெல்லாம் பெரும்பாலும் அந்த விதிகளில் 105-லிருந்து 111 வரையில் அடங்கியிருக்கின்றன. படிப்பதற்கு வறட்சியாக இருந்தாலும், அந்த ஏழு விதிகளையும் ஒரு முறை நிதானமாகப் படிப்பவருக்கு அவற்றின் உள்ளே ஓடும் கருத்து ஒன்றுதான் என்பது புலப்படும்.

முதலில் கட்டாயம் என்ன என்று பார்ப்போம். சூரியன் அஸ்தமித்து அரை மணி நேரம் ஆன பிறகும், வெளிச்சம் போதாத மற்ற வேளைகளிலும், பொது இடத்தில் ஓடும் வண்டி விளக்கேற்றியிருக்க வேண்டும். அந்த விளக்கின் ஒளியில் 155 மீட்டர் தூரத்தில் உள்ள மனிதர்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். இவ்வளவும் 105-ஆவது விதி.

அடுத்த விதியான 106 வேறு ஒருவரை நினைத்து எழுதப்பட்டது. முன் பக்கம் ஒளி வீசும் எந்த விளக்கும், ஒன்று நிரந்தரமாகக் கீழ் நோக்கியிருக்க வேண்டும்; அல்லது ஓட்டுகிறவர் நினைத்த மாத்திரத்தில் கீழே தாழ்த்தக் கூடியதாக இருக்க வேண்டும்; அல்லது அதை அணைத்தால் அதே சமயத்தில் தாழ்ந்த ஒளி வரும்படியான ஏற்பாடாவது இருக்க வேண்டும். எவ்வளவு தாழ்வு? விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கண் கூசக் கூடாது.

அந்தக் கண் யாருடையது என்று சற்று யோசித்துப் பாருங்கள். நம் சாலையில் இடது பக்கம் போகிறோம். ஆகையால் நம் வண்டிக்கு வலப்புறம் அரை மீட்டரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வருகிற கண் எதிரே வருகிறவருடையது. அவர் ஸ்கூட்டரில் வரலாம், சைக்கிளில் வரலாம், சந்தையிலிருந்து கூடையைத் தலையில் சுமந்து நடந்தும் வரலாம். சட்டம் எழுதினவர்கள் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அவருடைய கண்ணுக்கு மட்டும் மீட்டர் கணக்கில் இடம் குறித்து வைத்தார்கள். சின்ன விளக்குகளை அவர்கள் பொருட்படுத்தவும் இல்லை. பல்பு 7 வாட்டுக்கு மேற்படாமல், ஒளியைப் பரப்பிவிடும் மங்கிய கண்ணாடியும் போட்டிருந்தால் இந்த விதி அதற்குப் பொருந்தாது. ஆகவே விளக்கைக் கண்டால் சட்டத்துக்கு வெறுப்பு என்று சொல்வதற்கில்லை. கண்ணைக் குருடாக்கும் விளக்கின் மேல்தான் அதற்குக் கோபம்.

இனி, கட்டாயமில்லாத விளக்குகளுக்கு வருவோம். இவற்றில் முக்கியமானது மூடுபனி விளக்கு. இதை வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் உரிமையாளர் இஷ்டம். ஆனால் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்த பிறகு எங்கே, எப்படி என்பதில் இஷ்டத்துக்கு இடம் குறைவு. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதாரக் கமிஷன் வகுத்த 48-ஆவது ஒழுங்கு விதியைப் பல தேசங்கள் பின்பற்றுகின்றன. நம் நாட்டின் ஏ.ஐ.எஸ். 008 என்ற அளவுகோலும் அதைத் தழுவியதே. அந்த 48-ஆவது விதியின்படி முன்பக்கத்து மூடுபனி விளக்குகள் இரண்டாக இருக்க வேண்டும். நிறம் வெண்மை அல்லது குறிப்பிட்ட ஒரு மஞ்சள். தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சாதாரணக் காரில் 80 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி எங்கே இருக்கிறதோ, அதற்கு மேலே இது ஏறவும் கூடாது.

இந்தத் தாழ்மைக்குக் காரணம் உண்டு. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். அதன் மேல் பலமான ஒளியை நேராகப் பாய்ச்சினால் ஒவ்வொரு துளியும் அதைச் சிதற அடித்து நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியதுபோல் ஆகிவிடுகிறது. உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ பனிக் காலத்தில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போகிப் பண்டிகை அதிகாலையில், பழைய பாயையும் டயரையும் கொளுத்திய புகை பனியோடு கலந்து நிற்கும்போது சென்னைவாசிகளுக்கும் தெரிந்திருக்கும். ஒளி தாழ்வான இடத்திலிருந்து, அகலமாகவும் தட்டையாகவும், கண் மட்டத்துக்குக் கீழேயே பரவினால் சாலையின் ஓரமும் கோடும் கொஞ்சம் தென்படுகின்றன. மூடுபனி விளக்கினால் ஆகக்கூடிய காரியம் அவ்வளவுதான். அது தூரத்தைக் காட்டாது, பக்கத்தைக் காட்டும்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்ற நம்பிக்கை ஒன்று நம்மிடையே உலவுகிறது. பனித் துளிகள் ஒளியின் அலை நீளத்தை விட மிகப் பெரியவை. ஆகையால் அவை மஞ்சள் என்றும் நீலம் என்றும் பட்சபாதம் காட்டாமல் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதற அடிக்கின்றன. பிரான்ஸ் தேசத்தில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரையில் மோட்டார்களின் முகப்பு விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள். மஞ்சளைப் பிடித்தவர்கள் மஞ்சளைப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. அதனிடம் மாய சக்தியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பின்புறத்து மூடுபனி விளக்கின் கதை இன்னும் ரஸமானது. இது மற்ற சிவப்பு விளக்குகளை விடப் பிரகாசமானது. பனியில் பின்னால் வருகிறவர் நம்மை மோதாமல் இருப்பதற்காக ஏற்பட்டது. பனி இல்லாத இரவில் இதை ஏற்றி வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? பின்னால் வருகிறவருக்கு நிறுத்து விளக்கு எது, இது எது என்று விளங்காது. நாம் பிரேக் அழுத்தும் நிமிஷத்தில் அவர் அதைத் தெரிந்துகொள்ளத் தவறிவிடுவார். ஆகையினால்தான் இந்த விளக்குக்கும் நிறுத்து விளக்குக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட வேண்டும் என்று அந்த 48-ஆவது விதி சொல்கிறது. இங்கிலாந்தில், பார்வை மிகவும் குறைந்துபோன சமயம் தவிர மற்றச் சமயங்களில் மூடுபனி விளக்கை ஏற்றுவதே குற்றம். மிகவும் குறைந்தது என்றால் எவ்வளவு என்பதற்கு அந்நாட்டுச் சாலை விதிப் புத்தகம் பொதுவாக 100 மீட்டர் என்று கணக்குச் சொல்கிறது. நல்ல நிலா வெளிச்சத்தில் அழகுக்காக நான்கு விளக்கையும் எரித்துக்கொண்டு போகும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, 'ஸ்பாட் லைட்' என்றும் 'ஸர்ச் லைட்' என்றும் சொல்லப்படுவது. இதைப் பற்றி 111-ஆவது விதி சுருக்கமாகப் பேசுகிறது. இப்படிப்பட்ட விளக்கை வண்டியின் முன்புறத்தில் பொருத்தக் கூடாது. விசேஷ சந்தர்ப்பங்களில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி பெற்றுத்தான் பொருத்தலாம். கூரை மேல் நீளமாக எல்.இ.டி. பட்டை வைத்துக்கொண்டு, காட்டில் ஓட்டுவதற்காக என்று காரணம் சொல்லி, நகர வீதிகளில் அதை எரிக்கிறவர்களுக்கு இந்த விதி தெரியாதிருக்க வேண்டும்; அல்லது நகரத்தையே அவர்கள் காடு என்று எண்ணியிருக்க வேண்டும்.

நான்காவது, நிற விளக்குகள். சாலையில் ஒளிக்கு ஒரு பாஷை இருக்கிறது. வெள்ளை கண்டால் வண்டி நம்மை நோக்கி வருகிறது. சிவப்பு கண்டால் நம்மை விட்டுப் போகிறது. மஞ்சள் மின்னினால் திரும்பப் போகிறது. படிக்காதவருக்கும் புரிகிற பாஷை இது. 108-ஆவது விதி இந்தப் பாஷையின் இலக்கணம்: முன்பக்கம் சிவப்பு காட்டக் கூடாது; பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு காட்டக் கூடாது. திரும்பும் விளக்கு, பின்னோக்கி வரும்போது எரியும் விளக்கு முதலியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இலக்கணம் தெரியாமல் பேசுகிறவரின் பேச்சு எப்படி இருக்குமோ, அப்படித்தான் முன்னால் சிவப்பும் பக்கத்தில் பச்சையும் அடியில் ஊதாவும் மின்ன வரும் வண்டியும் இருக்கிறது. அது வருகிறதா, போகிறதா, திரும்புகிறதா என்று இருட்டில் நிற்பவர் நிச்சயிப்பதற்குள் அது அவரிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

இதே 108-ஆவது விதியைப் பற்றித்தான் நம் தேசத்தில் பெரிய விவாதமும் நடந்தது. வண்டியின் தலையில் சுழலும் சிவப்பு விளக்கு ஒரு காலத்தில் உயர்ந்த பதவியிலுள்ள சிலருக்கு என்று ஏற்பட்டது. நாளாக ஆக அந்தச் சிலர் பலரானார்கள். கமிட்டித் தலைவரும் அவருடைய உறவினரும்கூடச் சிவப்பு விளக்கில் பவனி வரத் தொடங்கினார்கள். 2013-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசியல் சாஸனப்படி உயர்ந்த பதவி வகிப்பவர்களுக்கு மேல் இந்தச் சலுகை போகக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு மத்திய சர்க்கார் 2017-ஆம் வருஷம் மே 1-ஆம் தேதியிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். ஜனாதிபதியின் வண்டிக்கும் பிரதம மந்திரியின் வண்டிக்கும்கூட விதிவிலக்குக் கிடையாது. ஆம்புலன்ஸுக்கும், தீயணைக்கப் போகும் வண்டிக்கும், அதுபோன்ற அவசரக் கடமைக்குச் செல்லும் மற்ற வண்டிகளுக்கும் மட்டுமே மின்னும் விளக்கு நிலைத்தது. குடியரசில் வழி கேட்கும் உரிமை அந்தஸ்துக்கு இல்லை, ஆபத்துக்குத்தான் உண்டு என்பது இதனால் ஸ்தாபிதமாயிற்று. பெரிய மனிதர் தலையிலிருந்து விளக்கு இறங்கிய தேசத்தில், நாம் நம் பம்பரில் அதை ஏற்றிக்கொள்வது எப்படி நியாயமாகும்?

விளக்கைக் கூட்டாமல் பல்பை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. சாதாரண ஹாலஜன் பல்புகளில் 'எச் 4' என்ற வகை உயர்ந்த ஒளிக்கு 60 வாட்டும் தாழ்ந்த ஒளிக்கு 55 வாட்டும் கொண்டது. அதற்குள் தாழ்ந்த ஒளிக்கான இழையின் அடியில் சிறிய கிண்ணம் போன்ற தகடு ஒன்று இருக்கிறது. மேல் நோக்கிப் போகக்கூடிய ஒளியை அதுதான் தடுக்கிறது. இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் நிச்சயித்து, அதற்கு ஏற்றபடி பின்னால் உள்ள பிரதிபலிப்புக் கிண்ணத்தை வார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வடிவம் வேறான எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி கூடலாம். ஆனால் அது கண்ட திசையெல்லாம் சிதறும். நூறு வாட் பல்பு போட்டால் வேறு சங்கடம். 12 வோல்ட் மின்சாரத்தில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடுகிறது. 100 வாட்டுக்கு எட்டுக்கு மேல் ஓடுகிறது. கம்பியில் உண்டாகும் உஷ்ணமோ ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ஒயரும் ஹோல்டரும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சட்டத்தின் கை இதற்கும் நீண்டிருக்கிறது. வண்டியைச் செய்தவர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக உரிமையாளர் அதை மாற்றக் கூடாது என்பது 52-ஆவது பிரிவு. 2019-ஆம் வருஷ ஆரம்பத்தில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்திற்று. அதே வருஷத்தில் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்று 182-ஏ பிரிவில் எழுதினார்கள். இரண்டாயிரம் ரூபாய் விளக்குக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்பது லாபகரமான வியாபாரம் அல்ல.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். "நம் சாலைகள் இருட்டு. மாடு குறுக்கே வருகிறது. விளக்கில்லாத மாட்டு வண்டி முன்னால் போகிறது. நின்றுவிட்ட லாரிக்குப் பின்னால் ஒரு சிவப்புத் துண்டுகூட இல்லை. என் குடும்பத்தை நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?" என்கிறார்கள். இது பொய்யான பயம் அல்ல. 2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டார்கள். ஆனால் மாண்டவர் யார் என்றும் பார்க்க வேண்டும். நூற்றுக்கு நாற்பத்துநான்குக்கு மேற்பட்டவர்கள் இரு சக்கர வண்டிக்காரர்கள். ஏறக்குறைய பத்தொன்பது பேர் கால்நடையாகச் சென்றவர்கள். இவர்கள் எல்லாரும் விளக்கினால் மாண்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. சாலையில் மிகவும் பலஹீனமாக இருப்பவர் யார் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. பெரிய வண்டியின் ஒளி விழுவது அவர்கள் கண்ணில்தான்.

கண் கூசிய பிறகு தெளிவதற்கு மூன்று வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; வயதானவர்களுக்கு இன்னும் கூட ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. ஆகவே எதிரே வருகிறவர் 50 மீட்டர் தூரம் குருடராக வருகிறார். எங்கே வருகிறார்? நம் குடும்பம் உட்கார்ந்திருக்கும் வண்டியை நோக்கித்தான் வருகிறார். நாம் அதிக விளக்குப் போட்டால் அவரும் போடுவார். அதற்கு மேல் நாம் போடுவோம். இந்தப் போட்டியில் கடைக்காரரைத் தவிர யாருக்கும் ஜயம் கிடையாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? செலவில்லாத காரியங்கள் சில இருக்கின்றன. முகப்புக் கண்ணாடியையும் விளக்குக் கண்ணாடியையும் உள்ளும் புறமும் துடைத்து வையுங்கள். அழுக்கு விளக்கைப் பலர் மங்கல் விளக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, தாழ்ந்த ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மெக்கானிக்கிடம் சொல்லித் திருப்பச் செய்யுங்கள். பின்னால் ஆட்களும் மூட்டைகளும் ஏறினால் வண்டியின் மூக்கு நிமிரும், ஒளியும் நிமிரும். பல கார்களில் இதைச் சரிப்படுத்த ஓட்டுகிறவர் பக்கத்திலேயே சிறிய திருகி ஒன்று இருக்கிறது. அது எதற்கு என்று இன்றே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எதிரே ஒளி தெரிந்தவுடன் டிம் செய்யுங்கள். அவர் முதலில் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முன்னால் போகிற வண்டியைத் தொடரும்போதும் டிம் செய்யுங்கள். அவருக்கும் கண்ணாடியில் கண் கூசும். இதற்கு மேலும் இருட்டாயிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ, அவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே சரியான வேகம்.

மூடுபனி உள்ள மலைப்பக்கத்தில் வசிப்பவர்கள், வண்டியைச் செய்த கம்பெனியே அந்த மாதிரிக்கு என்று அங்கீகாரம் பெற்று விற்கும் மூடுபனி விளக்கைப் போட்டுக்கொள்ளட்டும். பனி விலகியதும் அதை அணைக்க மறக்காதிருக்கட்டும்.

நெடுஞ்சாலையில் போகும்போது நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகள் வரிசையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கத்துக் கண்ணில் படாதபடி அவை மறைத்து நிற்கின்றன. நம் கிராமத்துச் சாலைகளில் நடுத்திட்டும் இல்லை, அரளியும் இல்லை. அங்கே எதிரே வருகிறவரின் கண்ணுக்கும் நம் விளக்குக்கும் இடையில் இருப்பது நம்முடைய விரல் ஒன்றுதான். அந்த விரல் உரிய காலத்தில் டிம் சுவிச்சைத் தொட வேண்டும்.